வெள்ளத்தில் அக்கரை போன கிடா

தண்ணீர் குறைந்தால் சம்பான் படகைத் தரையில் இழுத்து முதுகு வலி, கூடினால் உயிருக்கே உலை. துடுப்புப் பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை ஆறு தாண்டி விடுவது என் வேலை. அடைமழையில் ஆறு ஏறி, பாறைகள் முழுகி, மேலே வெள்ளையாய் நுரைத்துக்கொண்டு ஓடும்.

கங்காணியின் குடை

அப்படி ஒரு காலையில் எங்கள் கங்காணி ஏறினார். உட்காருங்கள் என்று கெஞ்சினேன். கங்காணியாவது, குந்துவதாவது! நின்றபடியே குடையை விரித்தார். காற்று குடையைப் பிடித்து இழுக்க, சம்பான் பம்பரமாய்ச் சுற்றி, புறப்பட்ட கரையிலேயே வந்து முட்டியது. கம்பீரமாக இறங்கிச் சொன்னார்: "இவ்வளவுதானாப்பா அக்கரை?"

சாக்கு போர்த்திய கிடா

அந்த வாரமே அக்கரை முனியாண்டிக்குப் பூசை. பால்மரம் சீவும் சின்னையா காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கிடாவை நேர்ந்திருந்தான். அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவன் பெண்டாட்டி லெட்சுமி. சாமிக்கு நேர்ந்ததை வேண்டாமென்று சொல்ல முடியுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே சம்பானில் ஏறினாள். எனக்கே பாவமாக இருந்தது.

சின்னையாவுக்கு வேறு கவலை. கோயிலில் மஞ்சத்தண்ணி தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு, இல்லாவிட்டால் வெட்டக்கூடாது. வழியில் நனையாமலிருக்கச் சாக்கு போர்த்தியிருந்தான். நடு ஆற்றில் ஓர் அலை ஏறி எல்லாரையும் முக்கியெடுத்தது. சம்பான் கவிழப் பார்த்தது. துடுப்பை ஆழ ஊன்றி, எதிர்நீரில் திருப்பி, எப்படியோ கரை சேர்த்தேன். சொட்டச் சொட்ட நின்ற சின்னையா கேட்டான்: "கிடா நனைஞ்சிருச்சாண்ணே?"

சாமி உத்தரவு

நனையாமலா இருக்கும்! வரும் வழியிலேயே சிலிர்த்துச் சிலிர்த்து எங்கள் மேலெல்லாம் தெளித்துவிட்டது. பூசாரி செம்பு செம்பாக மஞ்சத்தண்ணி ஊற்றினார். ஆற்றிலேயே குளித்து வந்த கிடாவுக்கு அது எம்மாத்திரம்? அசையாமல் நின்று பூசாரியின் மாலையை மென்றது. காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று சின்னையாவுக்கு முகம் வெளுத்தது. கடைசியில் பூசாரி, சாமிக்கு இந்தக் கிடா வேண்டாமாம், பூசணிக்காய் போதுமாம் என்று சொல்லி, ஒரு காயை வெட்டிப் பூசையை முடித்தார்.

ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வடியட்டும், சாயங்காலம் போகலாம் என்றேன். அதற்குள் லெட்சுமி கிடாவை மடியில் போட்டுக்கொண்டு சம்பானில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணிக்குப் பயப்படாதீங்கண்ணே, பூசாரி மனசு மாறுறதுக்குள்ள துடுப்பைப் போடுங்க."

உயிரோடு திருப்பிக் கொண்டுவந்த நன்றிக்கு அந்தக் கிடா என் தலைத்துண்டில் பாதியைத் தின்றுவிட்டது, சம்பான்காரன் பிழைப்பு அவ்வளவுதான்.