மூன்றாம் நம்பர் கிரேனுக்குப் போகாத சுக்குக் காபி

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினெட்டு வருஷம் பேன்ட்ரியில் டீ போடுகிற வேலை பார்த்தேன். போன வருஷம்தான் நின்றேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு வழியனுப்பு விழாவெல்லாம் கிடையாது. ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இனிமேல் இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, டீயும் காபியும் கடலை உருண்டையும் எப்படிப் போடுவது என்பது. அதில் நான் கெட்டிக்காரி, தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. இன்னொன்று, நான் செய்த ஒரு தப்பு.

1. முதல் நாள்

முதல் நாள் காலையிலேயே பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. துடைத்து, மறுபடி பற்றவைத்து, மிச்சமிருந்த பாலில் பதினைந்து டம்ளர் டீ தேற்றி ஆபீசுக்குள் போனேன். சூப்பர்வைசர் மோகன் நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது. பேர் என்ன, எந்த ஏரியா என்று கேட்டார். தனம் என்றேன். புளியந்தோப்பு, ஹவுசிங் போர்டு என்றேன். ஓரத்து மேசையில் ஒரு கிளார்க் அப்போதுதான் டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். நான் ஏரியா சொன்னதும் அந்தக் கை மெதுவாக மேசைக்கு இறங்கியது.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேம்மா" என்றார்.

அந்த "இப்பத்தான்" எனக்குப் புதுசில்லை. ஏரியா பேரிலேயே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிற பல வாயில் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். சாயங்காலம் கத்திவாக்கத்தில் லோக்கல் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்குவதற்குள் எனக்கு நானே இரண்டு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கொதியிலும் முதல் டம்ளரை எல்லோர் கண்ணெதிரிலும் நானே குடிப்பது. ஒருமுறை வேண்டாம் என்றவரிடம் மறுமுறை கேட்காமல் இருப்பது. இரண்டாவதைத்தான் பெரிய கௌரவமாக நினைத்தேன். அந்த கிளார்க் மாற்றலாகிப் போகும்வரை அவர் மேசையில் நான் டம்ளர் வைக்கவில்லை. அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

2. பக்குவம்

டீக்கு பெரிய ரகசியம் கிடையாது. தூளைக் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் கசக்கும். கொதி வந்ததும் இறக்கி மூடிவைத்து, பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்றினால் போதும்.

சுக்குக் காபிதான் கை வேலை. சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத் தட்டித்தான் போடணும். மாவாக அரைத்தால் தொண்டையில் நிற்கும். கொத்தமல்லி விதை சுக்கைப் போல இரண்டு பங்கு, மிளகு கொஞ்சம், ஏலக்காய் பேருக்கு. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, கடைசியில் சேர்க்கணும். மழை நாளில் யார்டு பூராவும் சகதியாகி, லாரி டிரைவர்கள் நனைந்துபோய் நிற்பார்கள். அப்போது அந்த ஆவி முகத்தில் பட்டால் போதும், "யக்கா, உயிரு வந்துச்சு" என்பார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே வேலைக்கு வரலாம் போலிருக்கும்.

வெள்ளிக்கிழமை கடலை உருண்டை. அதை வீட்டிலேயே பிடித்து தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துப் போவேன், ஆபீஸ் கணக்கில் கிடையாது, என் ஆசைக்கு. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, கிண்ணத்தில் போட்டால் டங்கென்று சத்தம் வரணும். சத்தம் வராமல் கடலையைக் கொட்டினால் உருண்டை சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்கணும். சூடு ஆறட்டும் என்று உட்கார்ந்தால் பாகு காத்திருக்காது.

கிரேன்காரர்களுக்கு டீ கொடுப்பது தனி வேலை. எங்கள் யார்டில் மூன்று கிரேன். ஆறு மாடி உயரம், உச்சியில் கண்ணாடி அறை, அதற்குள் ஆபரேட்டர். ஏறினால் நாலு மணி நேரம் கழித்துத்தான் இறங்குவார். மேலேயிருந்து கயிறு விடுவார்கள், நான் ஃபிளாஸ்கையும், வெள்ளிக்கிழமையென்றால் உருண்டையையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவேன், பை ஆடி ஆடி மேலே போகும்.

3. வேண்டாம்க்கா

மூன்றாம் நம்பர் கிரேனுக்கு எப்சி வந்தாள். பெயர் எப்சிபா, வயசு இருபத்து நாலு. எங்கள் யார்டில் கிரேன் ஏறிய முதல் பெண் அவள்தான். அப்பாவுக்கு திருவொற்றியூரில் மளிகைக் கடை, தெற்கத்திக் குடும்பம். கடையில் வந்து உட்கார் என்று அப்பா சொல்ல, இவள் டிரெயினிங் முடித்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குள் சரிப்பட்டு வரவில்லையென்றால் கடைக்கே திரும்பிவிடுவதாக வீட்டில் பேச்சு. இதையெல்லாம் மோகன்தான் சொன்னார்.

எனக்கு ஒரே பெருமை. முதல் நாள் அவள் ஏறுவதற்கு முன்னால் புதுசாகச் சுக்குக் காபி போட்டு, என் டம்ளரைக் குடித்துவிட்டு, அவளுக்கு நீட்டினேன். ஒரு நொடி டம்ளரைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா."

அன்று வெள்ளிக்கிழமை, உருண்டையாவது எடுத்துக்கொள் என்று தூக்கைத் திறந்தேன். அதற்கும் வேண்டாம்தான். கையில் சொந்தமாக ஒரு ஸ்டீல் பாட்டில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் மளமளவென்று கணக்கு ஓடியது. தெற்கத்தி, கடைக்காரர் வீடு, தனி பாட்டில், திரும்பிய முகம். மோகன் என் ஏரியாவை இவளிடமும் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டினேன்.

மூன்று மாதம். மூன்றாம் நம்பர் கிரேனுக்குக் கீழே நிற்காமல் போனேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் பை கட்டிவிட்டு, மூன்றைத் தாண்டும்போது தலையை நிமிர்த்த மாட்டேன். எதிரில் பார்த்தால் சிரிப்பாள், நான் ட்ரேயைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். வெள்ளிக்கிழமை உருண்டையில் அவள் பங்கைச் செக்யூரிட்டிக்குக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. சித்திரை வெயில்

ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். டீ குடிக்க வந்த மோகனின் வாக்கி-டாக்கி பேன்ட்ரி மேடையில் இருந்தது. அதில் எப்சியின் குரல் கேட்டது. பெட்டியை லாரியில் இறக்கிவைத்துவிட்டேன், எனக்குப் பதிலாக ஏற ரிலீவர் வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். அப்புறம் குரல் வரவில்லை. மோகன் ஓடினார். இரண்டு பேர் மேலே ஏறி அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பக்கத்தில் ஃபேன் இருக்கிற அறை என்னுடையதுதான், அங்கே கொண்டுவந்து பெஞ்சில் படுக்கவைத்தார்கள்.

உதடு வெடித்திருந்தது. நான் என் சொம்பிலிருந்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். அவளுடைய ஸ்டீல் பாட்டில் கீழே கிடந்தது, எடுத்தேன். கனமாக இருந்தது. திறந்தால் கழுத்து வரைக்கும் தண்ணீர், ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"பாட்டில் ரொம்பி கீது. ஏன் குடிக்கல?" என்றேன்.

ஆம்பளைகள் வெளியே போகும்வரை பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள். லேடீஸ் டாய்லெட் மெயின் கேட்டில்தான் இருக்கிறது. லாரி ஓடுகிற பாதையில் அவ்வளவு தூரம் நடந்து போகக் கூடாது, அது ரூல், வேன் வரணும். போய்த் திரும்ப முக்கால் மணி ஆகும். அவ்வளவு நேரம் கிரேன் நின்றால் லாரி வரிசை ரோடு வரைக்கும் போய்விடும். மற்ற ஆபரேட்டர்கள் அவசரமென்றால் இறங்கி ஓரமாக ஒதுங்கிவிட்டு வருவார்கள். இவள் எங்கே போவாள்? அதனால் காலையில் எழுந்ததிலிருந்து ஷிப்ட் முடியும்வரை ஒரு சொட்டு தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில், ஷிப்ட் முடிந்ததும் குடிக்க. உருண்டை தின்றால் தாகம் எடுக்கும், அதனால் அதுவும் இல்லை. ஒரு வாரமாக நீர்க்கடுப்பு வேறு.

"சுக்குக் காபி வாசனை வந்தா திரும்பிக்குவேன்க்கா. பாத்துகிட்டே நின்னா குடிச்சிடுவேன்னு பயம்."

கழுவுகிற சாக்கில் நான் அதிகாரிகளின் டாய்லெட்டுக்கே போய்வந்துவிடுவதால், இந்த யார்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்குமென்று என் புத்தியில் உறைக்கவே இல்லை. அதோடு, பேன்ட்ரிக்குப் பின்னால் இன்னொரு டாய்லெட் இருந்தது. பழைய ஃபைலும் உடைந்த நாற்காலியும் போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். அதன் சாவி என் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது. மூன்றாம் நம்பர் கிரேனிலிருந்து பெயின்ட் அடித்த நடைபாதையிலேயே மூன்று நிமிஷ நடை.

5. மேனேஜர் மேசை

அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் மேனேஜர் அறையில் மீட்டிங். நான் டீ கொண்டுபோனபோது மோகன் பேசிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல பொண்ணுதான், ஆனால் மேலே மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, ஆபீசில் டேட்டா என்ட்ரிக்குப் போட்டுவிடலாம் என்றார். மேனேஜர் தலையாட்டினார். கிரேனிலிருந்து இறக்கிவிட்டால் அவள் நேராக அப்பா கடைக்குத்தான் போவாள் என்று, அவள் வீட்டுப் பேச்சை எனக்குச் சொன்ன மோகனுக்கே தோன்றவில்லை.

டம்ளரை வைத்துக்கொண்டே, பின்னால் பூட்டியிருக்கிற டாய்லெட்டைத் திறந்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா சார் என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் மேனேஜர், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குத்தான் மறுமுறை கேட்பதில்லை என்கிற சட்டம் இருக்கிறதே. ட்ரேயைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றேன். திரும்பி வந்தேன்.

"சார், இன்னொருதபா கேக்குறேன். அந்தப் பொண்ணு காலீலர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம ஒங்க பொட்டிய தூக்கினு கீது. ஒடம்புல கோளாறு இல்ல சார். ஒதுங்க எடமில்ல, அதான் கோளாறு."

மோகன், தனம் நீ போம்மா என்றார். நான் போகவில்லை. வரும்போதே ஆணியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து டீக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

மேனேஜர் லேப்டாப்பை மூடினார். மெயின் கேட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மோகனைக் கேட்டார். மோகனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். இதை ஏன் இதுவரை யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணாண்ட யாரும் கேக்கல சார். நானுந்தான் கேக்கல."

அந்த வாரமே ஃபைலையெல்லாம் காலி செய்தார்கள். நாற்காலியை நானும் செக்யூரிட்டியும் தூக்கிப் போட்டோம். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு கண்ணாடி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரிலீவர் இருபது நிமிஷம் கிரேனைப் பார்த்துக்கொள்ளணும் என்று மேனேஜர் எழுதிப் போட்டார். எப்சிக்குக் கிரேன் வேலையே நிலைத்தது.

6. பெஞ்சில்

எப்சி வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாள், ரிலீவர் ஏறியதும் நேராக என் பேன்ட்ரிக்கு வந்தாள். அன்று நான் மனசு வைத்துப் போட்ட சுக்குக் காபி. ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அக்கா, இது கருப்பட்டி இல்ல. சீனிப்பாகு கலந்திருக்கு. நாளைக்கு எங்க கடையிலேர்ந்து நல்லதா கொண்டாறேன்."

மளிகைக் கடைக்காரர் மகளிடம் போய் மாட்டிக்கொண்டேனே என்று சிரித்தேன். சிரித்தபடியே அழுகை வந்துவிட்டது. இனிமேல் மறைத்தால் அந்தக் காபி எனக்கு இறங்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"ஒன்ன நான் தப்பா நென்ச்சிட்டேன் எப்சி. நான் புளியந்தோப்புன்னு தெரிஞ்சிதான் நீ என் கையால குடிக்க மாட்டேங்கிறன்னு."

அய்யோ அப்படியெல்லாம் இல்லைக்கா என்று பதறுவாள் என்று நினைத்தேன். பதறவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க பெரியம்மா வீட்ல வேலைக்கு வர்றவங்களுக்கு இன்னமும் தனி டம்ளர்தான்க்கா. அதனால நீங்க நெனச்சது தப்பில்ல. ஆனா ஒருவாட்டி என்னைக் கேட்டிருக்கலாம். தெனமும் மேலே நிமிந்து பாக்காமலே போவீங்கல்ல, தாகத்தவிட அதுதான்க்கா எனக்குத் தாங்கல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மீதிக் காபியைக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

ரோஷம் வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நம் மாதிரிப் பெண்கள் ரோஷம் இல்லாமல் இந்த வேலையில் ஒரு நாள் நிற்க முடியாது. ஆனால் ட்ரேயை நீட்டும்போது ஒருவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், உடனே போய்விடாதீர்கள். கொஞ்சம் நின்று உதட்டைப் பாருங்கள். காய்ந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.