மூன்றாவது ஹேண்டில் பார்

சிதம்பரம் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டேன். இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன. திருவள்ளூரிலிருந்து கிளம்பி, கடற்கரைச் சாலையாகவே கன்னியாகுமரி வரை வண்டியில் போக வேண்டும் என்று என் மனைவி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பயணம் அந்தக் கிளாஸோடு முடிந்தது. "திரும்பிடலாமா?" என்றேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பழசாக வாங்கிய அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பார் தாழ்வாக, நேராக, கதவுத் தாழ்ப்பாள் போல இருந்தது. அதைப் பிடிக்க முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில்.

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டைகள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். வருடத்துக்கு ஒரு வாரம் உலையை அணைத்துப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்று பெயர். எங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். அடுத்த ஷட்டவுனுக்குள் ஹேண்டில் பாரைச் சரி செய்யாவிட்டால் இவள் இனி என் பின்னால் ஏற மாட்டாள் என்று தோன்றியது. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது.

செல்போனில் பாம்பு விளையாட்டு மட்டும் இருந்த காலம். எந்த வண்டிக்கு எந்த ஹேண்டில் என்று வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்க்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் என் வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே ஒன்றை எடுத்து நீட்டினார். "லாங்ல போறவங்க எல்லாம் இதான் சார் கேக்குறாங்க." உயரமாக, மாட்டுக்கொம்பு போல விரிந்த சாமான். வாங்கினேன். என் புத்தி அப்படி.

மாட்டினால் கிளட்ச் கேபிள் எட்டவில்லை. நீளமான கேபிள் தேடி இன்னொரு ஞாயிறு போனது. பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று தினமும் வேலைக்குப் போகிற வழியெல்லாம் காற்று நெஞ்சில் அறைந்தது. விரல் மரத்தது நின்று தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, "இன்னா சார், துணி காயப்போட்டாப்ல ரெண்டு கையும் தூக்கினு வர்றீங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று என் மேஜைக்கு வந்த பட்டைகளில் பாதியை ரிஜெக்ட் செய்தேன். அவற்றில் குறை இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கடைசியில் எங்கள் டூல் ரூம் ஃபிட்டர்தான் கை கொடுத்தார். ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், வயதில் என்னைவிட மூத்தவர், அவருக்கு எல்லோரும் நைனாதான். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஷெட்டில் வண்டியை ஸ்டாண்டு போட்டு என்னை ஏறி உட்காரச் சொன்னார். "கண்ண மூடிக்கினு கைய நீட்டு நைனா. கை எங்க வந்து நிக்குதோ அங்கதான் பிடி இருக்கணும்." நீட்டினேன். நூல் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்த அளவுக்குக் குழாயை வளைத்து, கைப்பிடி பின்பக்கம் இழுத்தாற்போல் ஒரு ஹேண்டில் பார் செய்து கொடுத்தார். ஒரு மாதம் ஓட்டினேன். கை மரக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. கவரைப்பேட்டை நாஷ்டா கடையில் நிறுத்தும்போது நாலு பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஷட்டவுன் வந்தது. முதல் நாள் விடியற்காலை, பின்னால் கேரியரில் பெட்டியைக் கட்டினேன். பெட்டி இடம் அடைத்ததால் அவள் முன்னால் தள்ளி உட்கார்ந்தாள். நான் பெட்ரோல் டேங்கோடு ஒட்டிக்கொண்டேன். தெருமுனையில் வலதுபக்கம் ஒடித்துத் திருப்பினேன். பின்பக்கம் வளைந்த கைப்பிடி நேராக என் வயிற்றுக்கு வந்தது. நடுவில் வலது கை மாட்டிக்கொண்டது, ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை, இன்ஜின் நின்றது. பால்காரர், கோலம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், எல்லோரும் பார்க்க வண்டி மெதுவாகச் சாய்ந்து எங்களைக் கீழே இறக்கிவிட்டது. அடி இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

நான் ஃபிட்டரைத் திட்டினேன். ரோட்டைத் திட்டினேன். பெட்டியைக்கூடத் திட்டினேன். அவள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"லோடு ஏத்திப் பாக்காம எதையும் ஓகே பண்ண மாட்டேன்னு ஊடு பூரா சொல்லிக்கினு இருப்பீங்களே. ரெண்டு ஹேண்டில் மாத்துனீங்க. ஒரு தடவையாவது என்ன ஏறி உக்காருன்னு சொன்னீங்களா?"

கம்பெனியில் ஒரு பட்டையை எடையேற்றி அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்காமல் நான் பாஸ் என்று பச்சைப் புள்ளி வைத்ததே கிடையாது. அப்படி வைத்த ஒரு பையனை மெமோ வாங்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வண்டியைத் திரும்ப வீட்டு வாசலுக்குத் தள்ளி வந்தேன். ஸ்டாண்டு போட்டு, பெட்டி அப்படியே இருக்க, அவளை ஏற்றி, முன்னால் நானும் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டில் பாரை இரண்டு விரற்கடை முன்னால் சுழற்றினேன். இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. பத்து நிமிட வேலை. இதற்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

"இப்ப சரியா இருக்குது" என்றேன்.

"உங்களுக்கு" என்றாள். பிறகு, கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "போன தடவ எனக்கு மரக்காணத்துலயே இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. சொன்னா திரும்பிடுவீங்கன்னுதான் சொல்லல."

மரக்காணத்திலிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நான் ஓட்டிய தூரம்தானே. அவளை இறங்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அந்த வண்டி வாங்கிய இத்தனை நாளில் முதல்முறையாகப் பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது.