பசுமை என்று நான் எழுதிய மேடு

அறுபதுகளின் தொடக்கத்தில், நிலங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் அரசாங்க வேலை. சிராங்கூன் சாலைக்கு அப்பாலிருந்த மேடான பொது நிலம் மாடுகள் மேய்ந்து கெட்டுவிட்டதா என்று பார்த்துவர அனுப்பினார்கள். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காப்பியில் பால் இருக்கும் என்பதுதான். ஆனாலும் புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு மிடுக்காகப் போனேன்.

அங்கே மாட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வெயிலில் கருத்த ஒல்லி உடம்பு, தலையில் துண்டு. பேசும்போது குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி, வேரை முகர்ந்து பார்ப்பார்.

மேட்டின் உச்சி முழுக்க இடுப்பளவு புல் அசைந்தது. "நல்ல பசுமை. சேதம் இல்லை" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"சார், அது லாலாங். முத்திட்டா மாடு வாய் வைக்காது" என்றார் அவர். "நல்ல புல்லையெல்லாம் என் மாடுங்க தின்னு தீத்துடுச்சு. அந்த எடத்துலதான் இது பூந்துடுச்சு லா. சரிவுல பாருங்க, புல்லே இல்ல, மழை பேஞ்சா மண்ணு ஓடைக்குப் போவுது."

"இதை எழுதினா உங்களை இங்க மேய்க்க விடமாட்டாங்களே?"

"நல்லாருக்குன்னு எழுதுனா இன்னும் நாலு பேரு மாட்ட ஓட்டிட்டு வருவாங்க. அப்புறம் யாருக்குமே புல்லு இருக்காது. கொஞ்ச நாள் சும்மா போடச் சொல்லுங்க."

முன்பு எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். மேட்டுக்கு வேலி போட்டார்கள். அவர் பாதி மாடுகளை விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "புல்லைப் பத்தி உங்களுக்கு இவ்வளவு தெரியுமா?" என்று வியந்தார். தெரியும் என்று தலையாட்டினேன். அறிக்கையில் மாட்டுக்காரரின் பெயர் இல்லை. கேட்டிருந்தால்தானே எழுதுவதற்கு!