பூத்த தடி கேட்ட அன்ரி

நான் வேலை செய்வது பென்ரோஸில், அனுமதி பெற்று மருத்துவக் கஞ்சா வளர்க்கும் ஒரு நிறுவனத்தில். தாய்ச்செடிகளிலிருந்து நல்ல தடிகளைத் தெரிந்தெடுத்து, வெட்டி, வேர்விட வைப்பது என் பொறுப்பு. தகனினி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் இந்த வேலையின் பெயர் மாறிவிடும். "மகள் பூச்செடிக் கொம்பனியில" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அம்மா யோசிக்காத ஒன்று உண்டு. விருந்துக்குப் போன வீட்டு வாசலில், கொண்டுபோய் நடுவதற்கு ஒரு கொப்பு முறித்துக்கொண்டு விடைபெறுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பூச்செடி என்றால் அடுத்த பேச்சு தடிதான்.

பக்கத்துத் தெரு அன்ரி ஒருநாள் கேட்டேவிட்டார். "பிள்ளை, உங்கட கொம்பனியில எனக்கும் ஒரு தடி எடுத்துத் தாங்கோ. நல்லாப் பூத்த கொப்பாப் பாத்து முறியுங்கோ."

"ஓம் ஓம், ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, தருவாள்" என்றார் அம்மா, நான் வாய் திறக்குமுன்.

எங்களிடம் ஒவ்வொரு தடிக்கும் இலக்கம் உண்டு. உதிர்ந்த இலையைக்கூட எடைபோட்டுத்தான் அழிப்போம். ஒன்றை வெளியே கொண்டுவந்தால் வேலை போகும், பொலிஸும் வரும். அதைவிட, பூத்த தடி கேட்பது என் தொழிலுக்கே அவமானம். பூவில் சத்தைச் செலவழித்த தடி வேர்விடத் தாமதிக்கும், பல வேளை விடவே விடாது. நான் தேடுவது பூக்காத இளங்கொப்பை: வளைத்தால் நிமிர வேண்டும், மஞ்சள் கூடாது, இலையைத் திருப்பி உருப்பெருக்கியால் பார்த்தால் பூச்சி இருக்கக் கூடாது. தாய்ச்செடிக்கு நோய் என்றால் தடி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடமாட்டேன். மருந்து பெண் பூவில்தான் என்பதால் எல்லாம் பெண் செடிகள். ஆண் என்று தெரிந்தால் அன்றே பிடுங்கிவிடுவோம். எங்கள் சமூகத்தில் இதைச் சொன்னால், கஞ்சாவை மன்னித்தாலும் இதை மன்னிக்கமாட்டார்கள்.

"கடையில ஒரு செவ்வரத்தைப் பூச்செடி வாங்கி முறிச்சுக் குடு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் அம்மா.

"அது வேர் பிடிச்சால் நாளைக்குத் தெருவே தடி கேட்டு வரும், அம்மா."

"உண்மையைச் சொன்னியெண்டால் நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?"

ஞாயிற்றுக்கிழமை அன்ரி வந்தார், ஈர மண் போட்ட ஐஸ்கிரீம் டப்பாவோடு. அம்மா பொரித்த ரோல்ஸைக் கடித்தபடி தடியைக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்ரி, அது பூச்செடி இல்லை. மருந்துக்கு வளர்க்கிற கஞ்சா."

அம்மாவின் கரண்டி நின்றது. அன்ரி வாயிலிருந்ததை விழுங்கினார்.

"அதுவோ? என்ர முழங்காலுக்கு டொக்டர் எழுதித் தந்த எண்ணெய் அதுதானே. மகன் மூலிகை எண்ணெய் எண்டுதான் சொன்னவன். போத்தில்ல எழுதியிருக்கிறதை எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு அவனுக்கு நினைப்பு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என்ர மகள் வெட்டின தடியில வந்ததாத்தான் இருக்கும்."

"அப்ப அதிலயே ஒண்டு கொண்டு வாங்கோவன்" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார் அன்ரி. "என்ர வீட்டுச் செவ்வரத்தையெல்லாம் இந்தக் குளிருக்குப் பட்டுப்போச்சு. பூத்ததாப் பாத்து, என்ன?"

முடியாது என்று காரணங்களோடு சொன்னேன். அம்மா டப்பாவை எடுத்துப்போய் மண்ணைக் கொட்டிக் கழுவினார். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக் கூடாது என்று மிச்ச ரோல்ஸை அதில் அடுக்கிக் கொடுத்தார்.