காயாத கப்பல்

பேரன் பிளாஸ்டிக் விமானத்தின் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் பரப்பி உலர்த்தியிருந்தான். பிறகு டப்பாவை அழுத்திச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தான். ஒரு துண்டை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். "தொடாதீங்க தாத்தா, கையில எண்ணெய் இருக்கும். பெயிண்ட் பிடிக்காது" என்றான். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேங்காய் எண்ணெயில் ஊறி வளர்ந்தவன் நான்; மறுக்க முடியவில்லை.

பெயிண்ட் வாடை வந்தால் எனக்கு மீன் எண்ணெய் நாற்றமும் சேர்ந்தே வரும். அதற்குக் காரணம் காதர்.

நம் ஜில்லா திருவிதாங்கூரோடு இருந்த காலம். கோட்டாற்றில் ஒரு போர்டு எழுதும் கடையில் நானும் காதரும் வேலை பார்த்தோம். அவன் குளச்சல்காரன், மீன்பிடி வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்கு எழுத்து கோணும், அவனுக்குக் கோணாது. அதனால் எனக்கு டப்பா கழுவுகிற வேலை அதிகம். அவன் தம்பி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். ஊர் திரும்பிய ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினான். உள்ளே துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் கப்பல். 'பெருநாளைக்கு வாறேன், அதுக்குள்ள ஒட்டி பெயிண்ட் அடிச்சி வை' என்று சொல்லியும் விட்டிருந்தான். பிளாஸ்டிக்கில் சீப்புக்கு மேல் எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் தம்பி போன கப்பலைப் பற்றிய தகவலே நின்றுபோயிற்று. புயல் என்றார்கள். காதரின் உம்மா மட்டும் தனிக் கணக்கு வைத்திருந்தார்: பெட்டியில் வந்த கப்பலை முடித்தால் பிள்ளை வந்துவிடுவான்.

வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்குமுன் மீன் எண்ணெய் தேய்ப்பது அவர்கள் வழக்கம். "மரம் குடிச்சாத்தான் மக்கா பெயிண்ட் நிக்கும்" என்று காதர் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் எண்ணெய் தேய்த்தான். அடியில் சிவப்பு, மேலே கறுப்பு. அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் விரல் பட்டதும் பாலாடை போல் மொத்தமும் கையோடு வந்தது. "குடிக்கல்ல, இன்னும் கொஞ்சம் குடுப்போம்" என்றான். வாயில்லாத பொருளுக்கு இரண்டு பேரும் மாறி மாறி எண்ணெய் ஊட்டினோம்.

பெருநாளுக்கு முந்தைய நாள் கப்பலைக் குளச்சலுக்குக் கொண்டுபோனோம். உம்மா வாங்கி மடியில் வைத்தார். சிவப்பெல்லாம் அவர் வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது. திட்டுவார் என்று நினைத்தேன். துணியையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிம்மதியாகச் சொன்னார்: "இன்னும் காயல்ல பாத்தியா. அதான் அவன் வரல்ல."

காதர் கப்பலை வாங்கித் திரும்பவும் பெட்டியில் வைத்தான்.

மறுவருஷம் ஒருநாள் அதன் புகைக்குழாய் பிரஷ் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, எண்ணெய் தேய்க்காமல், சும்மா கறுப்பு அடித்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியும் வரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓடிப்போய்க் காதரிடம் காட்டினேன்.

"சோப்பு போட்டுக் கழுவினாப் போரும் காதரே. எண்ணெயே வேண்டாம்."

"எனக்கும் தெரியும்" என்றான்.

"பொறவு ஏன்டே தேய்க்க?"

"காஞ்சிட்டுன்னு வச்சுக்க. உம்மா வாசல்ல போயி நிக்கும். நிக்கட்டும். யாரு வருவா?"

 அந்த வருஷமும் பெருநாளுக்கு முன் அவன் கப்பலைச் சுரண்டி, எண்ணெய் தேய்த்து, பெயிண்ட் அடித்தான். அடுத்த வருஷமும் அடித்தான். குளச்சலிலிருந்து யார் கடைக்கு வந்தாலும் உம்மா அவர்களிடம் கேட்கச் சொல்லி அனுப்பிய கேள்வி ஒன்றுதான்: "காஞ்சுதா?"

ஜில்லா திருவிதாங்கூரிலிருந்து பிரிவதற்கு முன்பே உம்மா காய்ச்சலில் போய்விட்டார். இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. குளச்சல் கடலில் சரக்குக் கப்பல் நின்று நான் பார்த்துப் பல காலமாகிறது. காதரும் இல்லை. அன்று உம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, இனியாவது அந்தப் பிளாஸ்டிக் கப்பலைக் கழுவி ஒழுங்காகப் பெயிண்ட் அடிக்கலாமே என்று அவனிடம் சொன்னேன்.

"யாருக்குடே?" என்றான்.