படகின் முன்பலகை

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கொஞ்சம் என்பது என் கணக்கு. வீட்டில் கேட்டால் வேறு சொல்வார்கள். எடப்பாடியில் பல வருடம் விசைத்தறி ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் அதிசயமில்லை. தறிப்பட்டறையில் அந்த இரைச்சலில் யாரும் காதை நம்புவதில்லை. பேசுகிறவளின் வாயைப் பார்ப்போம், புரிந்துவிடும். முதலாளியைத் திட்டுவதுகூட அவர் இருக்கும்போதே நடக்கும்.

இந்தப் பழக்கம்தான் படகைக் கவிழ்த்தது.

பூலாம்பட்டிக் கதவணைத் தண்ணீரில் பெண்களுக்குப் படகுப் போட்டி என்று கேள்விப்பட்டு, எங்கள் பட்டறையிலிருந்து ஆறு பேர் சேர்ந்தோம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பழக்கினாள். படகு ஒல்லியாக, நீளமாக இருந்தது. இடது பக்கம் இரண்டு கம்புகள் நீட்டி, முனையில் ஒரு மிதவைக் கட்டை. அது தண்ணீரில் படிந்திருக்கும்வரை படகு சாயாது. ஆறு பேரும் ஒருத்தி பின் ஒருத்தியாக, முன்னால் பார்த்து உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். கடைசிப் பலகையில் எங்கள் பட்டறையில் தறிக்குப் பாவு நூல் பிணைப்பவள் இருந்தாள். பெரிய குரல் அவளுக்கு. அவள் “மாத்து” என்று கத்தினால் எல்லோரும் துடுப்பை மறுபக்கம் மாற்ற வேண்டும்.

நான் நான்காவது பலகையில் இருந்தேன். அவள் கத்துவது எனக்கு வெறும் சத்தமாகத்தான் வரும். என்ன சொல்கிறாள் என்று வாயைப் பார்க்க வலது பக்கமாகத் திரும்புவேன். உடம்பும் கூடவே சாயும், கட்டை எழும்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பிய கட்டை இறங்கவே இல்லை. ஆறு பேரும் காவிரியில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. மிதந்துகொண்டே எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

கரையேறியதும் பயிற்சிக்காரி என் எதிரில் வந்து நின்றாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காது கேக்காம படகுல உக்கார முடியாது. வேற ஆள் பாத்துக்கிறேன்.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க வேலை. அந்த ஒரு காலைதான் எனக்கென்று இருந்தது. ஆறு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும்போது படகு ஒரு எம்பு எம்பும். அதைத் தெரிந்துகொள்ளக் காது வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

பாவு பிணைப்பவள் குறுக்கே வந்தாள். “ஏனுங்க, இவளத் தூக்கி முதல் பலகையில வெச்சுப் பாருங்களே. முன்னாடி இருக்கறவ போடறதப் பாத்துத்தானுங்க மத்தவங்க போடறோம். இவ மாத்துனா நாங்களும் மாத்திக்கறோம். நான் கத்தவே மாட்டேனுங்க.”

“நீங்களா, கத்தாமலா?” என்றாள் பயிற்சிக்காரி. ஆனால் சம்மதித்தாள்.

அப்படித்தான் முன்பலகை எனக்கு வந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டு துடுப்பை மாற்றுவேன்; பின்னால் ஐந்து பேரும் மாற்றுவார்கள். திரும்பிப் பார்க்கும் வேலையே இல்லாமல் போனது.

போட்டியன்று கொடி அசைந்ததும் துடுப்பைப் போட ஆரம்பித்தேன். மேட்டூர்க்காரிகளின் படகு பக்கத்திலேயே வந்தது, பிறகு எங்களைத் தாண்டியது. அதற்குமேல் யார் எங்கே என்று நான் பார்க்கவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

எல்லையைத் தாண்டியதும் விசில் ஊதினார்களாம். இரண்டாவதாக வந்திருந்தோம். எனக்கு விசிலும் கேட்கவில்லை, கைதட்டலும் கேட்கவில்லை. பின்னால் இருந்த ஐந்து பேருக்கும் கேட்டிருக்கிறது. ஆனாலும் ஒருத்தியும் துடுப்பை நிறுத்தவில்லை. அக்கரைக் கோரை படகில் உரசிய பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

“ஏண்டி, முடிஞ்சிருச்சுன்னு முதுகுல ஒரு தட்டு தட்டக் கூடாதா?” என்று திரும்பிக் கேட்டேன்.

எனக்குப் பின்னால் இருந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “நீதான் போட்டுட்டே இருந்தியே.”