வர வேண்டாம் என்று நான் சொன்ன பெண்

போன வருடம், மழை ஆரம்பித்த சமயம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு எங்களுக்கு. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. "முதல் சில மாதம்தான் முக்கியம். பயிற்சியை விட்டால் இப்படியே இருந்துவிடுவார்" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். தினமும் அவரைத் தூக்கிக்கொண்டு பிசியோதெரபிக்கு அலைய எங்களால் முடியுமா? நல்லவேளையாக ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சுகாதாரப் பணியாளர் ஒருத்தி செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் நான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், செவ்வாய்க்கிழமை விடிந்ததும் "ஷேவ் பண்ணி விடு" என்பார். பவுடர் வேறு. அவளோ வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் முன்னாடி சாஞ்சு நீங்களே எழுந்திரிங்க" என்பாள். கைகூடக் கொடுக்கமாட்டாள். இவரும் தடுமாறித் தடுமாறி எழுந்து நின்றுவிடுவார். பாத்ரூம் வரை நாலு அடிகூட வைத்தார். நான் எழுப்பினால் மட்டும் அரிசி மூட்டையாகக் கனப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் அவள், "எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா அங்கிள் எப்ப செய்வாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். நேற்று வந்தவள் எனக்குப் புத்தி சொல்வதா? மறுநாளே போன் போட்டு, "நாங்க ஓசூர்ல மச்சினர் வீட்டுக்குப் போறோம், இனிமே வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவரிடம், அவளை வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு பொய்.

அவள் செய்ததையெல்லாம் பார்த்தவள்தானே, நானே பயிற்சி கொடுத்தேன். அவர் எழாவிட்டால் இடது கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். முகத்தைச் சுளிப்பார், ஆனால் வாய் திறக்கமாட்டார். சோம்பேறித்தனம் என்று திட்டினேன், திட்டிவிட்டு அவர் எதிரிலேயே அழுதேன். மூன்றே வாரத்தில் மனுஷன் எழுந்து நிற்பதையே விட்டுவிட்டார். மறுபடியும் எல்லாம் படுக்கையிலேயே என்று ஆகிவிட்டது.

ஒருநாள் நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் வேறு யாரையோ பார்க்க வந்த அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓசூரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்கிள் எப்படி இருக்காரு?" என்றபடி உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டாள், அவர் அலறிவிட்டார். என் விரலைப் பிடித்து அந்தத் தோளின் மேல் வைத்தாள். மூட்டு இறங்கி, அங்கே ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

"பலமில்லாத கையைப் பிடிச்சு எப்பவுமே இழுக்கக் கூடாது ஆன்ட்டி" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆஸ்பத்திரிக்கு அவளே எழுதிக் கொடுத்தாள். கையைத் தாங்க ஒரு தொட்டில் கட்டுப் போட்டார்கள். இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும் என்று அவள் சொல்லித்தர, பழைய ஜீன்ஸ் துணியில் கைப்பிடி வைத்து ஒரு பெல்ட் தைத்தேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். அப்போதும் வயிற்றெரிச்சல் விடவில்லை. "அவ முன்னாடி எழுந்து நிக்கறீங்க. எங்கிட்ட மட்டும் ஏங்க நிக்கல? வலிச்சாக்கூடச் சொல்லலையே?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "நான் தடுமாறினா அந்தப் பொண்ணு இன்னொரு தடவைன்னு சொல்லும். நீ அழுவுற. வலிக்குதுன்னா அதுக்கும் அழுவ. அதைப் பாக்க முடியாமத்தான் உக்காந்தே இருந்துட்டேன்."



அவள் மறுபடியும் வர ஆரம்பித்தாள். தோள் தேற ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது கோல் ஊன்றி பாத்ரூமுக்கு அவரே போய்வருகிறார். அவள் வந்தால் அவர் முகம் மலர்வதைப் பார்த்து எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் அழுகைக்குப் பயந்து ஒரு மனுஷன் மூன்று வாரம் வலியை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் இன்றைக்கும் கண் நிறைந்துவிடுகிறது, அதை அவர் பார்த்துவிடாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, பயிற்சியில் அவர் தடுமாறினால் "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்கிறேன்.